யோகப்பிரியாவுக்குக் கிடைத்த உதவித்தொகை

"அந்தச் சுடிதாரை மாத்திப்போட்டு பட்டுச் சேலையக் கட்டு புள்ள. வாறவங்க பெரிய மனுசங்க," என்றாள் பூவாத்தாள்.

"ஸ்காலர்ஷிப் குடுக்க வாறவங்களுக்கு நான் எதைக் கட்டுனா என்னம்மா? என்ற மார்க்கத்தானே பாக்கப் போறாங்க?"

மகள் இப்படிக் கேட்டதும் பூவாத்தாள், கேசரி அடிப்பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பொய் சொல்ல வராத பெண்களுக்கு அடுப்படியை விட்டால் வேறு புகலிடம் ஏது? சேலை மட்டும் கட்டிலில் கிடந்தது.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவர்களுக்குத் தென்னந்தோப்பு. தோப்பில் வெள்ளை ஈ விழுந்து விளைச்சல் பாதியாகிவிட்டது. மூத்தவன் தங்கதுரையைக் கோயமுத்தூரில் இஞ்சினியரிங் படிக்க வைத்த காலத்தில் அந்த வீட்டில் யாரும் செலவைப் பற்றிப் பேசியதில்லை. மகள் யோகப்பிரியா பிளஸ் டூவில் பள்ளிக்கே முதலாவதாக வந்து, விவசாயக் கல்லூரியில் சேரவேண்டும் என்றபோதுதான் அப்பா தனபாலுக்கு வெள்ளை ஈ நினைவுக்கு வந்தது.

"எங்கியாச்சும் ஸ்காலர்ஷிப் வாங்கிட்டீன்னா படிச்சுக்க சாமி. நான் குறுக்க நிக்க மாட்டேன்," என்றார்.

குறுக்கே நிற்காமல் இருப்பதையே மகளுக்குச் செய்யும் பேருபகாரமாக நினைக்கிற அப்பாக்கள் நம்மில் அநேகம். யோகப்பிரியா அதையே பெரிய வரமாக எடுத்துக்கொண்டு உதவித்தொகை தேட ஆரம்பித்தாள்.

தேடியதில் துணை நின்றவன் அண்ணன்தான். தங்கதுரைக்குச் சனி ஞாயிறு விடுமுறை. அண்ணனும் தங்கையும் செல்போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். எதற்கு எவ்வளவு மார்க் வேண்டும், வருமான வரம்பு என்ன, கடைசித் தேதி எது என்று அவன் வாசிக்க வாசிக்க அவள் குறித்துக்கொள்வாள். கேரள அரசாங்கத்தின் உதவித்தொகை ஒன்று அவளுக்கு நூற்றுக்கு நூறு பொருந்தியது. ஊரில் அரசாங்கக் காரியங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டரில் மனுப் போட்டுத் தரும் அக்ஷயா மையத்துக்குப் போனார்கள். அங்கிருந்த ஜோமோள் செல்போன் நம்பர் கேட்டபோது தங்கதுரை தன் நம்பரைச் சொன்னான்.

"பொம்பளப் புள்ள நம்பர எதுக்குக் கண்ட எடத்துல குடுக்கறது?"

அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். எந்தப் பெண்ணின் மனுவிலும் அப்பாவின் நம்பரோ அண்ணனின் நம்பரோதான் இருக்கும். யோகப்பிரியா அதைப் பாசம் என்றே நம்பினாள்.

பிறகு ஒரு நாள் தங்கதுரையே இன்னொரு வழியும் சொன்னான். எல்லைக்கு அந்தப் பக்கம் அவர்கள் சமூகத்துப் பெரியவர்கள் ஓர் அறக்கட்டளை வைத்திருந்தார்கள். கேரளத்தில் இருக்கும் தங்கள் சனத்துப் பெண்பிள்ளைகளுக்கென்றே இந்த வருடம் உதவித்தொகையாம். நேர்முகம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தலைவர் சின்னையனும் அவர் மனைவி நாச்சம்மாளும் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். மார்க் ஷீட்டைப் புரட்டிப் பார்க்கக்கூட இல்லை. என்ன கூட்டம், அதாவது எந்தக் குலம், அம்மா பிறந்த ஊடு எது, என்ன நட்சத்திரம் என்று கேட்டார்கள். "அந்த ஃபேனக் கொஞ்சம் போடு கண்ணு," என்று நாச்சம்மாள் சொல்ல, அவள் எழுந்து நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். சமூகத்து ஆட்கள் கூட்டம் கேட்பதில் என்ன அதிசயம்? அவள் எதையும் சந்தேகிக்கவில்லை. ஒரு வாரத்தில் அவளுக்கே முதலிடம் என்று தகவல் வந்தது. தலைவர் வீட்டுக்கே வந்து பணம் கொடுப்பார் என்றான் தங்கதுரை. அந்த நாள்தான் இது.

வேண்டாவெறுப்பாக அவள் சேலையைக் கட்டி முடித்தபோது அம்மாவின் செல்போன் அடித்தது. ஜோமோள்தான், யாரிடமோ நம்பர் விசாரித்துக் கூப்பிடுகிறாள். பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசுகிறவள்.

"மோளே, உன்ற அப்ளிக்கேஷன் திரும்பி வந்நு. இன்கம் சர்ட்டிபிக்கேட் தெளிவில்லா, வேற வெக்கணும்னு மூணு மெசேஜ் போயிருக்கு. நீ எந்தா வராதது? லாஸ்ட் டேட் இன்னலே கழிஞ்சு போச்சு."

நேற்றோடு முடிந்துவிட்டது! யோகப்பிரியா வாசலில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்த அண்ணனிடம் ஓடினாள்.

"அண்ணா, கவர்மெண்ட்ல இருந்து உனக்கு மெசேஜ் வந்துச்சா?"

தங்கதுரை நாற்காலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வந்துருக்கும். ஆயிரம் மெசேஜ் வருது. எல்லாத்தையும் பாத்துட்டு இருக்க முடியுமா?"

"மூணு தடவ வந்துருக்குதாமா."

"அதுதான் இது கெடச்சிருச்சில்ல? அப்பறம் அது எதுக்கு உனக்கு?"

அவன் குரலில் பதற்றமே இல்லாததுதான் அவளை உறுத்தியது. மேலே கேட்பதற்குள் வெள்ளைக் கார் வாசலில் வந்து நின்றது.

காரிலிருந்து சின்னையனும் நாச்சம்மாளும் இறங்கினார்கள். பின்னால் ஒருவன் இறங்கினான், முப்பத்தைந்து வயது இருக்கும். "எங்க பெரியவன், ரமேஷ்குமாருங்க," என்றார் சின்னையன். டிரைவர் தட்டுகளை எடுத்து வந்து கூடத்தில் வைத்தான். வெற்றிலை பாக்கு, பழம், பூ, மஞ்சள், ஒரு தட்டில் புதுப் பட்டு. உதவித்தொகையோடு மஞ்சளும் பூவும் எதற்கு வருகின்றன என்று ஒரு கணம் விழித்தாள் யோகப்பிரியா. அடுத்த கணம் எல்லாம் புரிந்துவிட்டது. அம்மாவைப் பார்த்தாள்; அம்மா தரையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள், அவர் ரமேஷ்குமாருக்கு மின்விசிறியைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவளைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

சின்னையன் சுற்றி வளைக்காமல் பேசினார். "எங்க பையனுக்கு உங்க பொண்ணு. என்ற ஊட்டுக்காரியோட தங்கச்சி மகளை உங்க பையனுக்கு முடிச்சுக்கலாமுங்க. பொண்ணு குடுத்துப் பொண்ணெடுத்தா ரெண்டு பக்கமும் ஒறவு நிக்கும். அம்மிணிக்கு வர்ற தையில பதினெட்டு முடியுதாமா. இன்னைக்கு வெத்தல மாத்திக்குவோம், கல்யாணம் மாசியில வெச்சுக்கலாம். சட்டத்த நாம மீறக்கூடாதுங்க."

தங்கதுரைக்கு முப்பது வயது. ஐந்து வருடமாகப் பெண் தேடுகிறார்கள், எங்கும் கிடைக்கவில்லை. தனக்கு ஒருத்தி கிடைக்கத் தங்கையைக் கொடுப்பதென்று அவன் எப்போது முடிவு செய்தான்? அந்தச் சனி ஞாயிறுகளிலா?

"அப்போ காலேஜுங்க?" என்று கேட்டாள் யோகப்பிரியா.

அவள் பேசுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நாச்சம்மாள்தான் சிரித்துக்கொண்டே சமாளித்தாள். "எங்க ஊட்டு மருமகள நாங்க படிக்க வெக்க மாட்டமா கண்ணு? ஊட்ல இருந்தே தபால்ல படிச்சுக்கலாம்."

"விவசாயத்தத் தபால்ல படிக்க முடியாதுங்க."

"பிரியா!" என்று அதட்டினார் தனபால்.

"புள்ளைய வையாதீங்க," என்றாள் நாச்சம்மாள். அவளைத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துத் தலையைத் தடவினாள். "எங்க ஊட்ல பொண்ணே கெடையாது அம்மிணி. எனக்கு மூணும் பசங்க. கொழுந்தனுக்கும் பசங்க. நீதான் மொதப் பொண்ணா வாறே. பெத்த மகளாட்டம் வெச்சுக்குவேன்."

அந்தக் கை மெத்தென்று அன்பாகத்தான் இருந்தது. யோகப்பிரியா அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏனுங்கம்மா, உங்க ஊட்ல பொண்ணே பொறக்கலீங்களா?"

அவள் கேட்டதற்குப் பதில் தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. சொத்துப் பிரிந்துவிடும், சீர் செய்து மாளாது என்று ஸ்கேன் எடுத்த கையோடு காரியத்தை முடித்துக்கொண்டு வந்த வீடுகள் எத்தனை என்று அந்தச் சீமையில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குப் பெண் வேண்டாம் என்றவர்கள்தான் இன்றைக்குப் பிள்ளைக்குப் பெண் கிடைக்காமல், தட்டைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டி வருகிறார்கள். அதற்கு அறக்கட்டளை என்று ஒரு பெயர் வேறு!

நாச்சம்மாளின் கை அவள் தலையிலேயே நின்றுவிட்டது.

"ரெண்டு இருந்துச்சு கண்ணு," என்றாள் மெதுவாக. "பெத்துக்க உடலே."

"நாச்சா!" என்றார் சின்னையன்.

நாச்சம்மாள் புருசனைத் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இந்தப் புள்ள நம்ம ஊட்டுக்கு வேண்டாமுங்க. தட்டத் தூக்குங்க, போலாம்." இரக்கத்தில் சொன்னாளா, இப்படிக் கேட்கிறவளை வீட்டில் வைத்துக்கொள்ளப் பயந்து சொன்னாளா என்பது அவளுக்குத்தான் வெளிச்சம். கார் வந்த வழியே திரும்பிப் போனது.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. "என்ற வாழ்க்கையவே கெடுத்துட்டியே!" என்று தங்கதுரை கத்தினான்.

"நானென்ன மாத்திக்கிற சாமானாண்ணா?" என்றாள் அவள். "கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன். அதுக்குத்தானே கேக்காம இருந்தே? மெசேஜப் பாத்துட்டுத்தானே உட்டுட்டே?"

தங்கதுரை செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனான். அப்பாவும் அம்மாவும் திட்டியதை அவள் தாங்கிக்கொண்டாள். செல்போனை நடுவில் வைத்து அண்ணனோடு உட்கார்ந்திருந்த அந்த மத்தியானங்களை நினைத்துத்தான் அழுதாள். அவன் கடைசித் தேதிகளை வாசித்ததெல்லாம் எதற்கு? இரண்டு நாள் அழுதாள். அப்புறம் எழுந்து தலை சீவிக்கொண்டாள்.

இந்த வருடத்துக் கதவுகள் எல்லாம் சாத்தப்பட்டுவிட்டன. அடுத்த வருடத்துக்காவது என்ன வழி என்று ஜோமோளிடம் கேட்கப் புறப்பட்டவள், பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு பேனர். 'பெண் கல்வியே நம் பெருமை' என்று கொட்டை எழுத்தில் போட்டு, சின்னையன் கும்பிட்டுக்கொண்டிருக்க, நடுவில் அவள் படம். கீழே 'முதலிடம்: செல்வி யோகப்பிரியா.' முன்கூட்டியே அடித்து வைத்ததை யார் வீணாக்குவார்கள்?

நிறுத்தத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். இரண்டு பேர் பள்ளிக்கூடம் போகும் மகள்களோடு வந்திருந்தார்கள்.

"படம் அம்சமா இருக்குது கண்ணு," என்றாள் ஒருத்தி. "எங்க புள்ளையும் அடுத்த வருசம் பிளஸ் டூ. அவளையும் இதுல சேத்து உடோணும். நீ எந்தக் காலேஜுல சேந்திருக்கறே?"

வீட்டு விஷயத்தை வாசல் தாண்டிப் பேசக்கூடாது என்றுதான் அந்த ஊரில் பெண்பிள்ளைகளை வளர்க்கிறார்கள். சிரித்து மழுப்பிவிட்டுப் போயிருந்தால் தனபாலின் மானம் கப்பலேறாமல் இருந்திருக்கும். யோகப்பிரியா பையைக் கீழே வைத்தாள்.

"எந்தக் காலேஜுலயும் சேரலீங்க்கா. அவங்க எனக்கு ஸ்காலர்ஷிப் குடுக்க வரலீங்க. அவங்க பையனுக்குப் பொண்ணு கேட்டு வந்தாங்க," என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை. மண்டபத்தில் என்ன கேட்டார்கள் என்பதிலிருந்து ஆரம்பித்தாள். பெண்கள் கிட்டே வந்தார்கள். அந்த இரண்டு சிறுமிகளும் பேனரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டான். அவள் ஏறவில்லை, அண்ணனைப் பற்றி இன்னும் சொல்லி முடிக்கவில்லை.