கேஜ் பாட்டு

டெர்ரி ஹாலம் செத்துப்போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்த வருத்தத்தை நிம்மதியாகப் பட விட்டார்களா? முதலில் அஞ்சலிக்கு அடித்த ஃப்ளெக்ஸ். மனிதர் இங்கிலாந்துக்காரர், சாகும்வரை கிழிந்த ஜீன்ஸோடு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர். ஆண்டர்சன்பேட்டை ஃப்ளெக்ஸ் கடைக்காரன் அவர் தலையை மட்டும் வெட்டி, கோட்டும் டையும் போட்ட வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டிவிட்டான். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. தலைக்கு மேல் ‘இமயம் சரிந்தது’. இது யார் உடம்பு என்று கேட்டால், “எல்லாருக்கும் அந்த உடம்புதான் சார் போடறோம், இதுவரிக்கும் யாரும் கம்ப்ளைன்ட் பண்ணல” என்கிறான்.

அடுத்தது இடம். சமுதாயக் கூடத்தில் மஞ்சள் நீராட்டு விழா. சர்ச் ஹாலில் டிரம்ஸ் அடிக்கக் கூடாதாம், பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பரீட்சையாம். வெள்ளைக்காரப் பாட்டுக்காரனுக்கு இங்கே எதற்கு அஞ்சலி என்று கேட்காத ஆளில்லை. போன வருடம் ஒரு நடிகருக்கு நடுரோட்டில் பந்தல் போட்டு மூன்று வேளை சோறு போட்டவர்கள்தான் இதைக் கேட்டார்கள். கடைசியில் என் பாத்திரக்கடைக்குப் பின்னால் இருக்கிற கோடவுனையே ஒழித்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, வந்தவர்கள் கவிழ்த்துப் போட்ட அண்டாக்களின் மேல் உட்கார்ந்தார்கள்.

நாங்கள் ஒரு காலத்தில் பேண்டு வைத்திருந்தோம். நான் பாண்டுரங்கன், டிரம்ஸ். பகலில் எவர்சில்வர் வியாபாரம், சாயங்காலம் அதே கையால் டிரம்ஸ். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து இப்போது பென்ஷன் வாங்கும் வாசு, கிட்டார். பாடியவன் ஏசுபாதம், சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். சுரங்கத்தை மூடுவதற்குச் சில வருடம் முன்னாலேயே அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் மனைவி ஃப்ளோரா எந்தக் கச்சேரிக்கும் வராமல் இருந்ததில்லை. இன்றைக்கும் முதல் ஆளாக வந்து முன்வரிசை அண்டாவில் உட்கார்ந்திருந்தாள்.

எங்களுக்கு டெர்ரி ஹாலத்தைக் கொண்டுவந்து கொடுத்தவனே ஏசுபாதம்தான். பெங்களூரில் இருந்த மச்சானிடம் கேசட்டை இரவல் வாங்கி, தன் வீட்டு டூ-இன்-ஒன்னில் ஓடவிட்டு, இன்னொரு டேப் ரிக்கார்டரில் காப்பி எடுத்தான். அந்தக் காப்பியிலிருந்து நான் எடுத்தேன், என்னிடமிருந்து வாசு, அவனிடமிருந்து எங்கள் மாரிகுப்பம் முழுக்க. அதில் ஒரு பாட்டு. அதன் இங்கிலீஷ் பெயர் இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை, எல்லோருக்கும் அது கேஜ் பாட்டு. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டுதான் கேஜ். பாட்டின் ஆரம்பத்தில் கிட்டார் கனமாக, மெதுவாகக் கீழே இறங்கும். ஷிஃப்டுக்குப் போகிறவன் கேஜில் நிற்கும்போது வயிற்றில் என்ன நடக்குமோ அது அந்த கிட்டாரில் நடக்கும் என்று வாசு சொல்வான். ஹாலத்தின் குரலும் அடித்தொண்டையிலிருந்து வரும்.

கூட்டாளி ஒருவன் இறந்தபோது அவன் வீட்டு வாசலில் அதை வாசித்தோம். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. இங்கிலீஷில் ஒரு எழுத்துகூடத் தெரியாத கங்கம்மா, புருஷன் செத்த அன்றைக்கு, “அந்த கேஜ் பாட்ட வாசிச்சிட்டு அப்பறமா தூக்குங்க” என்று பாடையை நிறுத்தி வைத்தாள். ஏசுபாதத்தின் குழி மேட்டிலும் அதைத்தான் வாசித்தோம், பாட ஆளில்லாமல். அவன் பாடும்போது ஒவ்வொரு வரி முடிந்ததும் கொஞ்சம் நிறுத்துவான். கேசட்டில் அந்த நிறுத்தம் கிடையாது, அது அவன் ஸ்டைல். “பாண்டு, இங்க நில்லு, நான் தல ஆட்டுனப்பறம் அடி” என்பான். நானும் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். மேடையில் அது பார்க்க ஜோராக இருக்கும்.

அஞ்சலியில் முதலில் ஹாலத்தின் குரலைக் கேட்டுவிட்டு, பிறகு நானும் வாசுவும் வாசிப்பதாக ஏற்பாடு. வாசுவின் மகள் நளினி பெங்களூரில் வேலைக்குப் போகிறவள். புளூடூத் ஸ்பீக்கர் கொண்டுவந்திருந்தாள். “ஒரிஜினல் ட்ராக்கே இருக்கு அங்கிள், ரீமாஸ்டர்ட். சூப்பரா இருக்கும்” என்று போனைத் தட்டினாள்.

பாட்டு குதித்துக்கொண்டு வந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் கிட்டார்தான், எங்கள் வார்த்தைகள்தான், ஆனால் கல்யாண ஊர்வலத்துக்கு லேட்டாகிவிட்ட மாதிரி ஓடுகிறது. ஹாலத்துக்கு இருபது வயதுப் பையன் குரல். பின்னால் யாரோ கை தட்டிச் சிரிக்கிறார்கள். நாங்கள் முக்கால் பாட்டு தாண்டியிருக்க மாட்டோம், அதற்குள் மனிதர் முடித்துவிட்டார்.

“ஸ்பீடு ஏத்தி வெச்சிக்கிற போல. ஒழுங்கா போடும்மா” என்றேன்.

“இல்ல அங்கிள், அது அப்படித்தான்” என்று நளினி ஒரு கச்சேரி வீடியோவைக் காட்டினாள். மேடையில் ஹாலம் துள்ளுகிறார், கீழே ஆயிரக்கணக்கானவர்கள் ஆடுகிறார்கள். அதே வேகம். “தங்கச்சி கல்யாணத்துல ஆடறதுக்காக எழுதினாராம், இன்டர்வியூல சொல்லியிருக்கார்.”

கங்கம்மா வீட்டு வாசலில், பாடையை நிறுத்தி வைத்து, நாங்கள் ஒரு கல்யாண டான்ஸ் பாட்டை வாசித்திருக்கிறோம். ஒரு வீட்டிலா, இரண்டு வீட்டிலா?

வாசுவின் முகத்தைப் பார்த்தேன். அவனிடம் ஆச்சரியமே இல்லை.

“உனக்குத் தெரியுமா?”

“போன வாரமே நளினி போட்டுக் காட்டுச்சு” என்றான், கிட்டாரைப் பார்த்துக்கொண்டே. “நானும் ஒரு வாரமா அந்த ஸ்பீட்ல பழகிக்கினுதான் இருக்கறேன். பாண்டு, செத்தவருக்கு மரியாத பண்றோம். அவர் பாட்ட அவர் போட்ட மாதிரி வாசிக்கறதுதாண்டா மரியாத.”

“அப்போ நாம இத்தினி நாளா வாசிச்சது இன்னா? குப்பையா?”

“தப்புனுதான் சொல்றேன். தெரியாம பண்ண தப்பு.”

எனக்கு வந்ததே கோபம். ஃப்ளெக்ஸ்காரன், ஹால்காரன் எல்லோர் மேலும் சேர்த்து வைத்திருந்ததை இவன் மேல் கொட்டினேன். ஒரு வாரமாகத் தெரிந்தும் வாயைத் திறக்காமல் தனியாகப் பழகினவன், இப்போது நாலு பேர் நடுவில் எனக்கு மரியாதை சொல்லிக்கொடுக்கிறான். “எந்த ஸ்பீட்ல போவணும்னு டிரம்ஸ்தாண்டா சொல்லணும். குச்சி என் கைல கீது. நான் மெதுவாத்தான் அடிப்பேன், இல்லாங்காட்டி ஒண்ணியும் வாணாம், எல்லாரும் போண்டா தின்னுட்டு வூட்டுக்குப் போங்க.”

“கத்தாதடா. நம்ம மேல தப்பு இல்ல” என்று வாசு சமாதானத்துக்கு வந்தான். “ஏசுபாதம் அண்ணன் மிஷின்ல பெல்ட்டு லூசா இருந்திருக்கும். ஸ்லோவா ரெக்கார்ட் ஆயிடுச்சு. அவரும் கவனிக்கல. அவ்ளோதான்.”

“பெல்ட்டு லூஸ் இல்ல” என்றாள் ஃப்ளோரா.

எல்லோரும் திரும்பினோம்.

“மோட்டாருக்குப் பின்னால ஒரு சின்ன ஓட்ட இருக்கும், அதுக்குள்ள ஒரு திருகு. அத திருப்புனா டேப் மெதுவா ஓடும். அவர்தான் திருப்புனாரு. நான்தான் டார்ச் புடிச்சிக்கினு இருந்தேன்.”

“எதுக்கு அண்ணி?” என்றான் வாசு.

“மூச்சு பத்தல, வாசு.” அவள் புடவைத் தலைப்பைப் பிரித்துப் பிரித்து மடித்தாள். “சொரங்கத் தூசி அப்பவே நெஞ்சுல எறங்கிடுச்சி. மாடிப்படி ஏறுனாலே நின்னு நின்னுதான் ஏறுவாரு. டாக்டர் கண்ணுல பட்டா அண்டர்கிரவுண்ட் வாணாம், மேல வேல பாருன்னு மாத்திடுவாங்க, சம்பளம் கொறஞ்சிடும். பசங்க படிச்சிக்கினு இருந்தாங்க. யாராண்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. அந்தப் பாட்டு மேல அவருக்கு உசுரு. வேகமா ரெண்டு லைன் பாடுவாரு, இருமல் புடிச்சிக்கும்.”

“மெதுவா பாடறேன்னு சொல்லியிருந்தா நாங்க வாணாம்னா சொல்லியிருப்போம்?” என்றேன்.

ஃப்ளோரா என்னை நேராகப் பார்த்தாள். “சொல்லியிருப்பீங்கண்ணா. டேப்புல இன்னா கீதோ அதத்தான் வாசிக்கணும்னு நீங்கதான் ஒத்தக்கால்ல நிப்பீங்க. அதான் டேப்பையே மாத்திட்டாரு.”

அவள் சொன்னது அப்படியே உண்மை.

“அவர் போனப்பறமாவது சொல்லியிருக்கலாமே அண்ணி” என்றான் வாசு.

“எப்டி சொல்றது? அதுக்குள்ள எல்லா சாவுக்கும் அதான்னு ஆயிடுச்சி. கேஜ் எறங்கற மாதிரி இருக்குதுன்னு நீங்கல்லாம் பெருமையா பேசுவீங்க. அவரும் கேட்டுக்கினு சிரிப்பாரு.” மடித்த தலைப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். “எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அவர் தப்பா காப்பி எடுத்தாருன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது.”

நளினி ஸ்பீக்கரை அணைத்தாள். ஃப்ளெக்ஸில் டெர்ரி ஹாலம் யாருடைய கோட்டையோ போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரைத் திட்டவும் முடியாது, அவர் என்ன செய்தார் பாவம்.

வாசு கிட்டாரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். எந்த வேகம் என்று அவன் கேட்கவில்லை. நான் குச்சிகளைத் தட்டினேன், பழைய வேகத்தில். கிட்டார் இறங்க ஆரம்பித்தது. ஒரு வாரம் வேகமாகப் பழகிய விரல்கள் இரண்டு இடத்தில் முந்திக்கொண்டு ஓடப் பார்த்தன, அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அவற்றைப் பிடித்து இழுத்தான்.

முதல் வரி முடிந்தது. யாரும் பாடவில்லை. என் கை வழக்கம்போலத் தூக்கியபடியே நின்றது.

பாடிய காலமெல்லாம் அந்த இடத்தில் ஏசுபாதம் சபையைப் பார்த்துச் சிரிப்பான், மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பான். ஸ்டைலு என்று எல்லோரும் விசிலடிப்பார்கள். நானும் அவன் பின்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் சட்டை முதுகு ஏறி இறங்குவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். பாட்டில் ஊறிப்போய் நிற்கிறான் என்று நினைத்தேன்.

ஃப்ளோரா தலையை ஆட்டினாள். அடித்தேன்.

எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தினேன், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அவள் தலை ஆட்டும்வரை காத்திருந்தேன். டேப்பில் இருப்பதைத்தான் வாசிப்பேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றவன்தான், அதனால் என்ன? ஒரு வார்த்தை என் காதோடு சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா அந்த மனுஷன்? சொல்லியிருந்தால் இன்னும் மெதுவாக அடித்திருப்பேனே.