திறப்பு விழாவுக்கு மட்டும் வர வேண்டாம்

டீகன் அலைபேசியை ரொட்டி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். டப்பாவுக்குள் இருந்தும் அது உறுமியது.

சாயங்கால வேளையில் அந்த வீட்டில் இரண்டு பயங்கள் உண்டு. அலைபேசி அடித்துவிடுமோ என்பது ஒன்று. அடிக்காமலே போய்விடுமோ என்பது இன்னொன்று. பள்ளிக்கூடம் கூப்பிட்டால் நாளைக்குப் பிள்ளை வீட்டில். ஆரஞ்சுப் பழம் தரம் பிரிக்கும் ஷெட்டிலிருந்து வேலைக்கு வரச் சொல்லிச் செய்தி வராவிட்டால் நாளைக்கு அவளே வீட்டில். இரண்டும் ஒரே கருவி வழியாக வந்து தொலைவதால், அதைத் தூக்கிச் சுவரில் அடிக்கவும் முடியாது, தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கவும் முடியாது.

ஷெட்டின் செய்தி சற்று முன்புதான் வந்திருந்தது. 'நாளை ஆறரை.' அந்த இரண்டு வார்த்தைக்காக அவள் மூன்று சாயங்காலங்கள் காத்திருந்தாள்.

மர்ரே ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரில் ஷெட்டுக்காரர்கள் யாரையும் வேலையை விட்டு நீக்குவதில்லை. அதெல்லாம் பழைய காலத்து அநாகரிகம். செய்தி அனுப்புவதை நிறுத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான். போன வாரம் பள்ளிக்கூடம் கூப்பிட்டு டீகன் இரண்டு முறை பாதி வேலையில் கிளம்பிப் போனாள். அதற்கு யாரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. மேஸ்திரி கார்மெலா முதுகில் தட்டிக்கூட அனுப்பினாள். இரண்டாம் முறை போன அன்று சாயங்காலத்திலிருந்து செய்தி வரவில்லை.

பள்ளிக்கூடமும் யாரையும் நீக்குவதில்லை. நீக்கினால் காரணம் எழுத வேண்டும், மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பதில் அம்மாவைக் கூப்பிட்டு, இன்றைக்குக் கொஞ்சம் கஷ்டமான நாள், வந்து அழைத்துக்கொண்டு போனால் பிள்ளைக்கு நல்லது என்று சொல்லிவிட்டால் போதும். பிள்ளையும் போய்விடும், பள்ளியின் பெயரும் கெடாது. அம்மாக்களும் நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

டப்பா உறுமுவதை நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தது. மேஜையடியில் உட்கார்ந்து துணிக்கிளிப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த டார்சி காதைப் பொத்தினான். ஏழு வயது. ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னபோது மூன்று வயது. அன்றைக்கு டீகன் பயந்தாள். அந்தப் பயம் எவ்வளவு சின்னது என்று இப்போது நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வரும்.

டப்பாவைத் திறந்து எடுத்தாள்.

தலைமையாசிரியை ஃபிலிப்பா, டார்சி எவ்வளவு அற்புதமான பையன் என்று தொடங்கினார். டீகனுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. ஃபிலிப்பா ஒரு பிள்ளையை எவ்வளவு அதிகமாகப் புகழ்கிறாரோ, அவ்வளவு நேரத்துக்கு அது வீட்டில் இருக்கப்போகிறது என்று அர்த்தம். இன்றைக்குப் புகழ்ச்சி நீண்டுகொண்டே போனது. அவன் சிரிப்பு, அவன் தனித்துவம், அவனிடமிருந்து பள்ளி கற்றுக்கொண்ட பாடங்கள்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். நாளைக்குப் பள்ளியில் 'எல்லோருக்குமான அறை' திறப்பு விழா. சத்தமும் கூட்டமும் தாங்காத பிள்ளைகள் போய் அமைதியாக இருப்பதற்கென்றே கட்டிய அறை. அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்க மட்டும் ஒரு குழு நான்கு முறை கூடியது. சட்டமன்ற உறுப்பினர் வருகிறார், பேச்சு உண்டு, ஒலிபெருக்கி உண்டு, மைதானத்தில் சாசேஜ் சுட்டு விற்பார்கள்.

"அதான் டீகன், சத்தமும் கூட்டமுமா இருக்கும் பாருங்க. இந்த மாதிரி பிள்ளைங்களுக்குத் தாங்காது. நாளைக்கு ஒரு நாள் மட்டும் அவன வீட்லயே வச்சுக்கிட்டீங்கன்னா அவனுக்குத்தான் நல்லது."

தனக்கு நாளைக்கு வேலை இருக்கிறது என்று டீகன் சொல்லிப் பார்த்தாள். ஃபிலிப்பா மிகவும் அனுதாபப்பட்டார். அனுதாபப்பட்டு முடித்ததும் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்குமா? பக்கத்து வீட்டுக்காரி ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். அவள் முன்கையில் பல் தடம் இருக்கிறது. அதிலிருந்து வேலி ஓரம் வரும்போதெல்லாம் அதைத் தடவிக்கொள்வாள். காசு கொடுத்து ஆள் வைத்தால் ஷெட்டில் வாங்கும் கூலி அப்படியே அந்த ஆளுக்குப் போய்விடும். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் தரும் நிதியிலிருந்து ஒரு ஆளைக் கேட்கலாமே என்று போன மாதம் விசாரித்தாள். பள்ளி நேரத்தில் பையன் பள்ளிக்கூடத்தில்தானே இருப்பான் என்று மறுமுனையில் இருந்த பெண் நியாயமாகக் கேட்டாள்.

கணவன் கிரெய்க் பெர்த் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் போன் போட்டாள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஆண்களுக்கு எந்தப் பிரச்சினையும் பெரிதாகத் தெரிவதில்லை.

"கூட கூட்டிட்டுப் போயி கார்ல உக்கார வையேன். எங்கப்பா பப் வாசல்ல எங்க மூணு பேரையும் கார்லயே விட்டுட்டு உள்ள போயிருவாரு. ஆளுக்கொரு சிப்ஸ் பாக்கெட். இருட்டுற வரைக்கும் கெடப்போம். செத்தா போயிட்டோம்?"

அந்த ஊர் ஆண்களில் பாதிப் பேர் அப்படிக் கார்களுக்குள் வளர்ந்தவர்கள்தான். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்கள். இப்போது அது சட்டப்படி குற்றம். டீகனுக்குத் தெரியும். தெரிந்தும் சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துப் பையில் வைத்தாள்.

மறுநாள் காலை ஷெட்டின் பின்புறம், யூகலிப்டஸ் நிழலில் காரை நிறுத்தினாள். வெயில் இன்னும் ஏறாத மாதம். கண்ணாடிகளை இறக்கிவிட்டாள். டார்சிக்குக் காது மூடியை மாட்டி, கிளிப்புப் பையைக் கொடுத்து, தேநீர் இடைவேளைக்கு வருவதாக இரண்டு முறை சொன்னாள். அவன் கிளிப்புகளை இருக்கையில் அடுக்கத் தொடங்கியிருந்தான். நீலப் பள்ளிச் சட்டையைத்தான் போட்டுக்கொள்வேன் என்று அடம்பிடித்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். வியாழக்கிழமை பள்ளிச் சட்டை போடும் நாள். அதில் அவனிடம் பேரம் கிடையாது.

ஷெட் வாசலில் ஒரு மரப்பெட்டி. எல்லோரும் அலைபேசியை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பழங்கள் ஓடிவரும் பெல்ட்டின் கடைசி முனையில் டீகன் ஓர் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கிருந்து பின்கதவு வழியாகக் கார் கூரையில் ஒரு துண்டு தெரியும். ஆரஞ்சுகள் உருண்டு வந்தன. தோலில் தழும்பு இருப்பதை எடுத்து ஜூஸ் தொட்டியில் போட வேண்டும். அவள் ஒரு பழத்தைப் பார்த்தாள், கார் கூரையைப் பார்த்தாள். கூரை அங்கேயே இருந்தது. அது இருக்கிறவரை எல்லாம் சரியாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூரைக்கு அடியில் இருப்பது தெரியாதபோது கூரையைப் பார்த்து என்ன பயன் என்று உள்ளே ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. நல்ல பழங்கள் இரண்டை ஜூஸில் எறிந்தாள். கார்மெலா பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் அந்த ஷெட்டில் எச்சரிக்கை.

இடைவேளை மணி அடித்ததும் டீகன் நடந்தாள். ஓடினால் பார்ப்பார்கள். கதவைத் தாண்டிய பிறகு ஓடினாள்.

காரின் பின்கதவு திறந்திருந்தது. இருக்கையில் துணிக்கிளிப்புகள் ஒரே சீராக வரிசை கட்டிக் கதவு வரை வந்து நின்றிருந்தன. சிப்ஸ் பாக்கெட் பிரிக்கப்படவில்லை. டார்சி இல்லை.

ஷெட்டுக்குப் பின்னால் திராட்சைத் தோட்டம். தோட்டத்தை ஒட்டி வாய்க்கால். கரை வரை சிமெண்ட் பூசிய பாசன வாய்க்கால்; உள்ளே விழுந்தால் பெரியவர்களுக்கே பிடித்து ஏற ஒரு பிடிமானம் கிடையாது. டார்சிக்குத் தண்ணீர் என்றால் உயிர். நீச்சல் தெரியாது.

அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கத்தும்போதே தெரியும், அவன் திரும்ப மாட்டான். பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் அந்தப் பாக்கியத்தை ஒரு நாளும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். கரையோரம் ஓடினாள். தண்ணீர் பழுப்பாக, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு இலையும் ஒவ்வொரு பிளாஸ்டிக் பையும் நீலச் சட்டையாகத் தெரிந்தது. ஓரிடத்தில் கரைச் சேற்றில் சின்ன ஷூத் தடம் இருந்தது. அது தண்ணீரை நோக்கிப் போயிருந்தது. திரும்பி வந்த தடத்தை அவள் தேடினாள். அந்தப் பக்கம் முழுக்க நாணல், தடம் எதுவும் தெரியவில்லை.  நாணலைக் கைகளால் விலக்கி விலக்கிப் பார்த்தாள்.

ஷெட்டில் பெல்ட் நின்றது. மின்சாரம் போனால் தவிர நிற்காத பெல்ட். கார்மெலா கையில் ஓர் அலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கனத்த உடம்போடு தோட்டத்தைக் கடந்து வந்தாள். பெட்டிக்குள் அது விடாமல் அடித்துக்கொண்டிருந்ததாம்.

பள்ளிக்கூடம். டீகன் வாழ்க்கையில் முதல் தடவையாக அதை ஆசையோடு பிடுங்கினாள்.

ஃபிலிப்பா இந்தத் தடவை புகழவில்லை. "டார்சி இங்க இருக்கான். உடனே வாங்க."

டீகன் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கார்மெலா அவள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள்.

"பிள்ளய கார்லயா வச்சிருந்த, கழுத? என்கிட்ட சொன்னா நான் முழுங்கிருவேனா?" என்றவள், கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொல்லியிருந்தா வீட்டுக்குத்தான் அனுப்பியிருப்பேன். அதுவும் நெசந்தான்" என்றாள். நேர்மையான பெண். மதியத்துக்குள் திரும்பி வந்தால் அன்றைய கூலி உண்டு, வராவிட்டால் தன் கையில் ஒன்றும் இல்லை என்றும் சொல்லி அனுப்பினாள்.

வாய்க்காலுக்கு அப்பால் சற்றுத் தள்ளியிருந்த பள்ளி மைதானத்தில் வெள்ளை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வெங்காயம் வதங்கும் வாசனை. புது அறையின் வாசலுக்குக் குறுக்கே நீல ரிப்பன் கட்டியிருந்தது. சட்டமன்ற உறுப்பினர் பெரிய கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் புன்னகைத்துக்கொண்டிருந்தார். ரிப்பன் வெட்டப்படவில்லை. ஆனால் அறைக்குள் ஆள் இருந்தது.

டார்சி ரிப்பனுக்கு அடியில் குனிந்து போய், மூலையில் தொங்கிய துணி ஊஞ்சலுக்குள் சுருண்டுகொண்டு கண்ணை மூடியிருந்தான். அறை எதற்காகக் கட்டப்பட்டதோ அது அங்கே நடந்துகொண்டிருந்தது. விழாதான் நடக்க முடியாமல் நின்றிருந்தது.

உதவி ஆசிரியை ஜோசி ஓடி வந்தாள். 

"என் தப்புதான், டீகன். வியாழக்கிழமை, ரிப்பன், ரூம், டார்சின்னு படம் வரஞ்சு நாலு வாரமா தெனமும் அவனுக்குக் காட்டினேன். அவன் வரக்கூடாதுன்னு எனக்கே காலைலதான் சொன்னாங்க."

டீகன் ஊஞ்சலருகே மண்டியிட்டாள். அவன் கால்சட்டை இடுப்பு வரை நனைந்திருந்தது. ஷூவுக்குள் வாய்க்கால் பாசி. முழங்கையில் சிமெண்ட் உரசி ரத்தம் கட்டியிருந்தது. உள்ளே இறங்கியிருக்கிறான். எப்படியோ ஏறியிருக்கிறான். எங்கே, எதைப் பிடித்து என்று யாருக்கும் ஒருபோதும் தெரியப்போவதில்லை.  அவனைத் தொட்டால் தன் பயம் அவனுக்கும் தொற்றிவிடும் என்று கைகளை மடியில் கட்டிக்கொண்டாள்.

ஃபிலிப்பா புதுக் கம்பளத்தில் இருந்த சேற்றுத் தடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டீகனை ஓரமாக அழைத்துப்போனார். பிள்ளை தனியாக எங்கிருந்து வந்தான் என்று கேட்டார். டீகனுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. கார், ஷெட், வாய்க்கால், எல்லாவற்றையும் சொன்னாள். ஃபிலிப்பாவின் முகத்தில் உண்மையான வருத்தம் வந்தது.

"இத நான் புகார் பண்ணாம இருக்க முடியாது, டீகன். குழந்தை பாதுகாப்புத் துறைக்குச் சொல்லியே ஆகணும். சட்டம். எனக்கு வேற வழியில்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்போதைக்கு அவன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி டீகன் கேள்விப்பட்டிருக்கிறாள். இரண்டு பேர் வருவார்கள், மரியாதையாகப் பேசுவார்கள், குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள்.  பழைய டீகன் இந்நேரம் நன்றி சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கியிருப்பாள். ஆனால் அன்று காலை வாய்க்கால் கரையில் அவள் ஏற்கெனவே எல்லாவற்றையும் ஒரு தடவை இழந்து முடித்திருந்தாள்.

"புகார் பண்ணுங்க. நேத்து சாயங்காலம் எனக்குப் போன் போட்டு என்ன சொன்னீங்களோ, அதையும் சேர்த்துச் சொல்லிருங்க" என்றாள்.

 அது மைதானத்தில் முதல் வரிசைக்குக் கேட்டது. ஃபிலிப்பா கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

டீகன் காரிலிருந்து உலர்ந்த கால்சட்டை ஒன்றைக் கொண்டுவந்தாள். மாற்றிவிட்டாள். அவன் அடம்பிடிக்காமல் விட்டான். மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னாள். ஜோசியிடம், சத்தம் வந்தால் ஊஞ்சலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவும் தலையைத் தொடாமல் இருக்கவும் சொன்னாள். ஜோசி தலையாட்டிவிட்டு, விழாவுக்குப் போட்டிருந்த நல்ல உடையோடு ஊஞ்சலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். டீகன் ரிப்பனுக்கு அடியில் குனிந்து வெளியே வந்து, கத்தரிக்கோல்காரர் முன்னால் நின்றாள்.

"இன்னிக்கு இங்க ஸ்கூல் நடக்குதுதானே?"

யாரோ ஒருத்தி தன்னிடம் ஒரு சுலபமான கேள்வி கேட்டதில் அவருக்கு ஆறுதல். "நல்லா நடக்குதும்மா. வியாழக்கிழமையாச்சே."

"அப்ப என் பையன் ஸ்கூல்ல இருக்கான். நான் வேலைக்குப் போறேன்."

யாரும் தடுக்கவில்லை. தடுப்பதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து முடிப்பதற்குள் அவள் காரில் ஏறியிருந்தாள்.

சாவியைத் துளையில் நுழைக்க முடியவில்லை.  ஒலிபெருக்கி கரகரத்தது. இந்த மண்ணின் ஆதிகுடிகளுக்கு மரியாதை சொன்னார்கள், நிதி தந்தவர்களுக்கு நன்றி சொன்னார்கள். அறை திறப்பதற்கு முன்பே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது, இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா என்று சட்டமன்ற உறுப்பினர் சாமர்த்தியமாகக் கேட்டார். சிரித்தார்கள். ரிப்பன் வெட்டுப்பட்டிருக்க வேண்டும். மைதானமே கைதட்டியது.

அதன் மேலே அந்த அலறல் எழுந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த அலறல், டார்சி காதைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டும்போது வருகிற அலறல். கைதட்டல் முதலில் ஒரு பக்கம் தடுமாறியது, பிறகு அங்கங்கே உதிர்ந்து நின்றுபோனது. அலறல் மட்டும் நிற்கவில்லை. அவள் கை தானாகக் கார்க் கதவின் கைப்பிடிக்குப் போனது.

உள்ளே ஜோசி இருக்கிறாள். அதற்கென்றுதானே அறை கட்டியிருக்கிறார்கள்.

கைப்பிடியை விட்டாள். சாவி இந்தத் தடவை நுழைந்தது. மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும். வண்டியைத் திருப்பும்போது, மைதானத்து நாற்காலிகளில் இருந்த அத்தனை பேரும் அந்த அறையைப் பார்த்தபடி, என்ன செய்வதென்று தெரியாமல், பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருப்பது கண்ணாடியில் தெரிந்தது. அறைக்கு வேண்டிய அமைதி அப்போதுதான் கிடைத்தது.