வெண்டல் செய்த பெட்ரோல் மீட்டர்

ஓய்வு பெற்ற ஆண்களுக்கு வரும் வியாதிகளில் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பரவாயில்லை, மாத்திரை இருக்கிறது. வெண்டலுக்கு வந்தது எண் வியாதி. தொலைபேசிக் கம்பெனியில் முப்பது வருடம் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு வீட்டோடு வந்து உட்கார்ந்தவன், முதலில் ஃப்ரீசருக்கு ஒரு எண் திரை வைத்தான். பிறகு மழைநீர் பீப்பாய்க்கு. பிறகு நாயின் தண்ணீர்க் கிண்ணத்துக்கு. நாய் மிரண்டுபோய்க் கழிப்பறையில் குடிக்கத் தொடங்கியது. கடைசியாக, ஏழு வருடம் ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், கிடந்து தன் கையாலேயே கட்டிய இரண்டு இருக்கை விமானத்துக்கு, தொட்டியில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று காட்டும் பெட்டி ஒன்றைச் செய்தான்.

தொட்டியின் முன்பக்கச் சுவரில் ஒரு சென்சார். காலித் தொட்டியில் கேலன் கேலனாக ஊற்றி, ஒவ்வொரு கேலனுக்கும் சென்சார் சொன்னதை எழுதிப் பெட்டிக்குப் புகட்டினான். பிறகு மரக்குச்சியை விட்டு அளந்து பார்த்தான். குச்சியும் பெட்டியும் ஒரே கணக்கைச் சொல்லின. அன்றிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. குச்சி விட்டுப் பார்க்கும் பக்கத்து ஹேங்கர்க்காரர்களையெல்லாம் கற்கால ஆசாமிகள் என்றான்.

அவன் மனைவி ஆர்டிஸ், அயோவாவில் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பெட்ரோல் முள் செத்துப்போன பேருந்தைக் கடிகாரத்தைப் பார்த்தே ஓட்டி, ஒரு நாள்கூடப் பிள்ளைகளை நடுரோட்டில் நிறுத்தாதவள். பெட்டியைப் பற்றி அவளிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

ஜூலை மாதம் பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில், சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் கூடும் திருவிழா. அங்கே ஒரு கூடாரத்தில் வெண்டல் தன் பெட்டியைப் பற்றிப் பேசப்போகிறான். கேட்க வருகிறவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ள வரைபடம் அறுபது நகல். காலை ஏழு மணிக்கு இருவரும் கிளம்பினார்கள். எதிர்க்காற்று மூஞ்சியில் அடித்தது.

பத்தேகால் மணிக்கு ஆர்டிஸ் வாயைத் திறந்தாள்.

"மூணேகால் மணி நேரமாச்சு வெண்டல். மணிக்கு அஞ்சு கேலன் குடிக்கிற வண்டி. இருபதுல பதினாறு போச்சு. மிச்சம் நாலுதான்."

"பெட்டி எட்டுன்னு சொல்லுது."

"அதுக்கென்ன, அது சொல்லும். இன்னும் எவ்வளவு நேரம் போகணும்?"

"ஒரு மணி பத்து நிமிஷம்."

"நாலு கேலன்ல அவ்வளவு நேரம் பறக்குமா?"

"தாயே, நீ பஸ் ஓட்டுனவ. இது வேற சமாச்சாரம்."

"ஆமா, பஸ் நின்னா இறங்கி நடக்கலாம்."

கீழே மிசிசிப்பியும் அதன் சதுப்பு நிலமும் பளபளத்தன. இறங்கி நடக்க ஒரு முழம் காய்ந்த மண் இல்லை. வெண்டல் எட்டைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தான். இந்த மனிதனுக்குச் சாவைக் காட்டிப் பயனில்லை என்று ஆர்டிஸுக்குத் தெரியும். பெட்டியின் மேல் குனிந்தாள்.

"எனக்கு வாந்தி வருது."

"அது மேல எடுக்காத, கெட்டுப்போயிரும்." பதறிப்போனான். "இரு, ஆத்துக்கு அந்தாண்ட ஒரு ஃபீல்டு இருக்கு, இறக்கிடறேன். வாயப் பொத்திக்க."

புல் ஓடுபாதையில் முன்சக்கரங்கள் தட்டியபோது பெட்டி ஏழரை என்றது. வேகம் தணிந்து, நிற்கும்போது எப்போதும்போல வால் தரையில் உட்கார்ந்ததும், ஆர்டிஸின் கண் முன்னாலேயே எண் சரசரவென்று இறங்கி மூன்றில் நின்றது. அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. வால் தரையில் இருந்தால் மூக்கு மேலே போய், பெட்ரோல் தொட்டியின் பின்பக்கம் ஓடிவிடும். பறக்கும்போது விமானத்தின் உடம்பு சமமாகி, அது முன்னால் வந்து சென்சாரை முழுக்காட்டும். இந்த மேதை கேலன் கேலனாக ஊற்றியதெல்லாம் ஹேங்கரில், வால் தரையில் கிடந்தபோது.

வெண்டல் இறங்கிக் குச்சியை விட்டான். மூன்று கேலன். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா? குச்சியும் மூணு, பெட்டியும் மூணு."

அவள் விளக்கினாள். பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான், அதுதான் இன்னும் எரிச்சல்.

"தரையில ரெண்டும் ஒண்ணா சொல்லுது. வானத்துல குச்சி விட்டு எவன் பாத்தான்? நீ எதையாவது கிளப்பாத. அங்க வந்து வாயத் திறக்காம இரு, அது போதும்."

தொட்டி நிறைய ஊற்றிக்கொண்டு கிளம்பியதால் உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள். மதியம் கூடாரம் நிரம்பி வழிந்தது. அறுபது வரைபடமும் தீர்ந்து, கிடைக்காதவர்கள் பக்கத்தில் இருந்தவர்களின் தோள்வழியே எட்டிப் பார்த்தார்கள். அன்று காலை மனைவியை ஏற்றிக்கொண்டு அந்தப் பெட்டியோடுதான் பறந்து வந்ததாகவும், நாற்பத்தோரு முறை குச்சியோடு ஒத்துப்பார்த்ததாகவும், ஒரு முறைகூட அரைக் கோப்பைக்கு மேல் பிசகவில்லை என்றும் வெண்டல் மார் தட்டினான். கைதட்டினார்கள். இவர்கள் ஒவ்வொருவரும் பெண்டாட்டியையோ பேத்தியையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பறப்பார்கள் என்று ஆர்டிஸ் நினைத்தாள். எழுந்து நின்றாள்.

"அந்த நாப்பத்தோரு தடவையும் பிளேன் எங்க இருந்துச்சு?"

வெண்டல் அவளை முறைத்தான். "ஹேங்கர்ல."

"வால்?"

"தரையிலதான்."

கூடாரத்தில் அங்கங்கே பேனாக்கள் நின்றன. முன்வரிசையில் ஒரு கிழவர் தன் கையிலிருந்த வரைபடத்தை நான்காக மடித்துக் கேட்டார்.

"ஏம்ப்பா, காலைல இதப் பாத்துதான் இந்தம்மாவ ஏத்திக்கிட்டு வந்தியா?"

வெண்டல் ஆர்டிஸைப் பார்த்தான். முப்பத்தெட்டு வருடமாக, நாலு பேர் முன்னால் அவன் அசடு வழியும்போதெல்லாம் அவள்தான் ஏதாவது சொல்லிச் சிரித்துச் சமாளிப்பாள். இப்போதும் அதைத்தான் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் உட்கார்ந்தாள்.