பாம்புக்கு வைத்த பால்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெள்ளையன் தன் அப்பாவுக்குப் பால் வைப்பான். சனிக்கிழமை விடியலில் நான் போய்க் குடித்துவிடுவேன். பதினைந்து வருஷமாக இதுதான் நடப்பு. முழங்கால் வலியோடு அந்தப் பாறைமேட்டில் ஏற நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

அவன் அம்மா ஸ்காட்லாந்து ராஜாவின் மகள். வயிற்றுப்பிள்ளையோடு எங்கள் முந்தாக்கா துறையில் வந்து இறங்கியவள். அப்பன் யார் என்று ஊர் கேட்டபோது, கண் இமைக்காமல் "சுகார்" என்றாள். பூமிக்கடியில் வாழும் எங்கள் பெரிய பாம்பு. அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்! பிரசவம் பார்த்தது நான். தலைமயிர் முதல் கால்நகம் வரை வெளுப்பாக ஒரு பிள்ளை, என் தங்கம். ஏழு வயதில் அவன் முதன்முதலாக வைத்த கிண்ணம் நிறைந்தபடியே இருந்தால் அழுவானே என்று குடித்தேன். அவன் அம்மாவுக்கு மட்டும் இது தெரியும்.

இப்போது லியோன் நாட்டு இளவரசன் எங்கள்மேல் படையோடு வந்துகொண்டிருந்தான். ராஜரத்தம் உள்ளவனோடுதான் மோதுவானாம், திமிர் பிடித்தவன். ஓக் மரத்தடியில் கூடிப் பேசிய பெரியவர்கள் நேரே வெள்ளையனிடம் வந்தார்கள், தலைமை ஏற்கச் சொல்லி.

"இன்னிக்குப் பால் வைக்கிறேன். அப்பா எடுத்துக்கிட்டா வர்றேன். இல்லேன்னா என்னை விட்டுருங்க" என்றான்.

அவர்கள் போனதும் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அமுனா, நாளைக்கு மட்டும் போகாதடி. எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

"என் பசங்க ரெண்டு பேரும் ஈட்டி தீட்டிக்கிட்டு இருக்காங்கக்கா."

அவள் என் கையை விடவில்லை. "சரி, போகல" என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல?

விடிந்ததும் பெரியவர்களோடு எல்லோரும் மேடேறினோம். கிண்ணம் காலி! சத்தியமாக நான் தொடவில்லை. திரும்பி அவளைப் பார்த்தேன். மேலுதட்டில் வெள்ளையாக ஒரு கோடு.

வெள்ளையனும் பார்த்தான். கிட்டே போய்க் கட்டைவிரலால் அதைத் துடைத்துவிட்டான்.

"அப்பா வந்துட்டுப் போயிருக்காரும்மா" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "சித்தி, உனக்கு இன்னிக்கு மிச்சம் வைக்கல போல" என்று சிரித்தான். படுபாவி, எத்தனை வருஷமாகத் தெரியுமோ!

அடுத்த வெள்ளிக்கிழமை அவளே பால் கறந்து வைத்தாள். வெள்ளையனும் என் பசங்களும் சண்டைக்குப் போன படூராவிலிருந்து இன்னும் சேதி வரவில்லை. விடியலில் இருவரும் போய்ப் பார்த்தோம். கிண்ணம் நிறைந்திருந்தது.

"குடி, அமுனா. அவன் வரும்போது காலியா இருக்கணும்."

பாதி குடித்துவிட்டு மீதியை அவளிடம் நீட்டினேன்.