காத்திருக்கும் இடது கை

என் வீட்டுக்காரருடைய இடது கை கட்டைகளுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் அப்படியே நின்றுவிடுகிறது, என் வலது கையும் நின்றுவிடுகிறது, கடைசியாக அடிபட்ட கம்பி மட்டும் பியானோவின் மரப்பெட்டிக்குள் இன்னும் கொஞ்சம் முனகிக்கொண்டிருக்கிறது, இசைத்தாளில் மூன்றாவது கட்டம், மறுபடியும் மூன்றாவது கட்டம், முதல் கட்டம் சரியாகப் போகிறது, இரண்டாவதும் போகிறது, மூன்றாவது வந்ததும் இருவரும் நின்றுவிடுகிறோம், இன்றோடு பதினோரு நாள், ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை, ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, முப்பத்திரண்டு வருஷம் பொன்மலை ரயில்வே பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியவள் நான், ஒரு இயந்திரம் எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது, தேடுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இசைத்தாளில் அந்த இடத்தைப் பார்க்கிறேன், அங்கே ஒன்றுமே இல்லை. வேணாம் புள்ள, என்கிறார் அவர், பக்கவாதம் வந்த பிறகு அவரிடம் மிஞ்சியிருக்கும் பத்துப் பதினைந்து சொற்களில் அது ஒன்று, வலது கை போயிற்று, வலது கால் பாதி போயிற்று, பேச்சும் அந்தப் பக்கமே போயிற்று, பங்குனி மாசத்திலிருந்து ஆடி வரைக்கும் சுவரைப் பார்த்தே படுத்திருந்தவர் பதினோரு நாளுக்கு முன்னால் தானாக எழுந்து, கதவையும் மேசையையும் பிடித்துப் பிடித்து வந்து, இந்தப் பலகையின் இடது ஓரத்தில் உட்கார்ந்து, வலது ஓரத்தைக் கண்ணால் காட்டி, நீ, என்றார், அவ்வளவுதான், நீ. இடது கை என்னிடம் இருக்கிறது, வலது கையாக நீ இரு என்று அதற்குப் பொருள். நானும் உட்கார்ந்தேன். அன்று நின்றது மூன்றாவது கட்டத்தில், மறுநாளும் அங்கேதான், போன செவ்வாய்க்கிழமை அவர் மூடியைச் சாத்திவிட்டுத் தன் தங்கைக்குப் போன் போடச் சொன்னார், கோயில், பிள்ளைகள், பியானோ, என்று மூன்றே சொல், கோயிலில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடலாமாம், நாளைக்குச் சனிக்கிழமை, அவள் ஏற்பாட்டில் நாலு ஆட்களோடு கோயில் வண்டி வருகிறது, பியானோ போனால் இவர் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார், யாரும் சொல்லாமலே எனக்குத் தெரியும், ஒரு மனிதர் எழுந்து வருவதற்கு ஒரு இடம் வேண்டும்.

தங்கை கிருபை பாளையங்கோட்டையிலிருந்து நேற்றே வந்துவிட்டாள், சாய்வு நாற்காலியில் என் தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்கிறாள், என்ன மைனி, அண்ணன் வாசிச்சா குதிரை ஓடுத மாதிரி இருக்குமே, இப்ப நடுவழியில வண்டிய நிறுத்திப்போட்டு நிக்கியளே, என்கிறாள், நான் தாளையே பார்க்கிறேன், தாளின் மேல் ஓரத்தில் மிஸஸ் ஃபால்கனர் என்று பழுப்பு மசியில் எழுதியிருக்கிறது, அந்த அம்மாளை நான் பார்த்ததே இல்லை, ஆனால் பார்த்த மாதிரியே இருக்கிறது, ஆங்கிலோ இந்திய இன்ஜின் டிரைவர் ஒருவரின் மனைவி, பொன்மலை ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் நடனத்துக்கு வாசித்தவர், ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்திருந்த பத்தொன்பது வயதுக்காரர் ஒருவர் சன்னலுக்கு வெளியே நின்று கேட்பதைப் பார்த்து உள்ளே கூப்பிட்டவர், குடும்பத்தோடு கடல் கடந்து பெர்த் நகரத்துக்குக் கப்பல் ஏறியபோது பியானோவையும் ஒரு கட்டு இசைத்தாள்களையும் அவரிடமே விட்டுவிட்டுப் போனவர், பூப்போட்ட கவுன் போட்டுக்கொண்டு இதே பலகையில் அந்த அம்மாள் உட்கார்ந்திருக்கிறார், சன்னலுக்கு வெளியே என் வீட்டுக்காரர் எண்ணெய்க்கையோடு நிற்கிறார், அவருக்குப் பக்கத்தில் நானும் நிற்கிறேன், அப்போது எனக்குப் பதினாறு வயது, தெற்கே பாளையங்கோட்டைப் பக்கம் நாசரேத்தில் படித்துக்கொண்டிருந்தேன், எப்படி அங்கே நின்றேன் என்று தெரியாது, ஆனால் நிற்கிறேன்.

அந்தக் கட்டில் உள்ள இசை முழுக்க ஒரே ஆள் எழுதியது. ராக்டைம் என்று அந்த இசைக்குப் பேர், அடிமைத்தனம் ஒழிந்து இரண்டு மூன்று வருஷத்தில் அமெரிக்காவில் பிறந்த ஒரு கறுப்பினத்தார், அவருடைய தாயார் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்தாராம், அந்த வீட்டுப் பியானோவில்தான் பையன் பழகினானாம், தகப்பனார் ரயில் பாதையில் கூலி வேலை, இதை எங்கோ படித்த நாளிலிருந்து என் வீட்டுக்காரருக்கு அந்த மனிதர் சொந்தக்காரர் ஆகிவிட்டார், பேர் சொல்லவே மாட்டார், நம்ம டிபார்ட்மெண்ட் ஆளு என்பார், இன்னிக்கு நம்ம டிபார்ட்மெண்ட் ஆள வாசிக்கேன் கேளு என்பார். கல்யாணமான மூன்றாம் நாள் முதல்முதலாக எனக்கு வாசித்துக் காட்டினார், நான் கடைசிவரைக்கும் கேட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனா வலது கை தப்புத் தப்பா விழுது, எடது கை விழுந்து முடிஞ்ச பொறவு விழுது, இல்லாட்டி அதுக்கு முன்னாலயே விழுது, என்றேன், புதுப்பெண் சொல்லக்கூடிய பேச்சா அது, அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் நாய் குரைத்தது, தப்புதாம் புள்ள, எழுதி வச்ச தப்பு, என்றார். பிறகு என் கையைப் பிடித்து மேசையில் தட்டவைத்துச் சொல்லிக்கொடுத்தார், இடது கை நடக்கிற கை, கீழே ஒரு தனிச் சுரம், மேலே ஒரு கொத்துச் சுரம், தம் சக், தம் சக், ஒர்க்‌ஷாப்புக்குக் காலையில் நடக்கிற ஆட்களைப்போல, அது மாறவே மாறாது, வலது கைக்கு ஒரு கட்டத்தில் எட்டுச் சின்ன எண்ணிக்கை, அதை நாலு நாலாகப் பிரித்தால் இடது கையோடு சேர்ந்துபோகும், கோயிலில் பாடுகிற பாமாலை ஆகிவிடும், இந்த மனிதர் அதை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்துவிட்டார், தகிட, தகிட, தக, கூட்டினால் எட்டுதான், கணக்கு உதைக்கவில்லை, ஆனால் அழுத்தம் விழுகிற இடம் நடக்கிற காலுக்கு நடுவில் போய்விட்டது, அதனால்தான் கேட்கிறவருக்குத் தோள் தானாகக் குலுங்குகிறது. எனக்கு அது புரிந்த நிமிஷம் நன்றாக நினைவிருக்கிறது, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, இருவரும் எழுந்திருக்கவில்லை.

கோயிலில் எல்லாருக்கும் சோறு போடும் ஒரு அசனப் பண்டிகையில் காணிக்கை எடுக்கும் நேரத்தில் பாட்டு முடிந்துவிட்டது, தட்டு இன்னும் பின்வரிசைக்கு வரவில்லை, கோயில் ஆர்மோனியக்காரரான இவர் அதில் நம்ம டிபார்ட்மெண்ட் ஆளை எடுத்து நாலில் ஒரு பங்கு வேகத்தில் வாசித்துவிட்டார், பாடகர் வரிசையில் நின்ற எனக்கு மட்டும் தெரிந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன், ஆராதனை முடிந்ததும் போதகர் வந்து, ஆத்துமாவைத் தொட்டுருச்சு தம்பி, அது எத்தனாவது பாமாலை, என்று கேட்டார், இவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பழைய புஸ்தகத்துல உள்ளது ஐயா, என்றார். அந்த மனிதரே தாளின் தலையில் வேகமாக வாசிக்காதீர்கள் என்று அச்சடிக்கச் சொல்லியிருக்கிறாரே, நான் அவர் சொன்னதைக் கேட்டேன், என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு விளக்கம். அந்த மனிதருக்குக் கடைசிக் காலத்தில் விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை என்று சொல்வார்கள், அதை மட்டும் இவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், சொல்லிவிட்டுத் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார், அப்போது இரண்டு கையும் நன்றாக இருந்தன.

இன்னொருக்க, என்கிறேன், அவர் தலையை ஆட்டுகிறார், வேண்டாம் என்றா சரி என்றா தெரியவில்லை, இடது கை இறங்குகிறது, தம் சக், தம் சக், நான் சேர்ந்துகொள்கிறேன், ஒன்று, இரண்டு, மூன்றாவது வந்ததும் அவர் கை நிற்கிறது, என் கை நிற்கிறது, கிருபை கீரையை முறத்தில் போட்டுவிட்டுச் சிரிக்கிறாள், மைனி, கோவிச்சுக்கிடாதிய, ரெண்டு பேரும் பஸ்ஸு படியில நின்னுக்கிட்டு நீங்க ஏறுங்க, நீங்க ஏறுங்கன்னு சொல்லுத மாதிரி இருக்கு, பஸ்ஸு போயிரும்லா. நான் திரும்பி அவளைப் பார்க்கிறேன், என்ன சொன்ன, என்கிறேன், ஒண்ணுஞ் சொல்லல தாயே, என்கிறாள், இல்ல, சொன்னே, என்று தாளை மறுபடியும் எடுக்கிறேன், இரண்டாம் கட்டத்தின் கடைசிச் சுரத்திலிருந்து மூன்றாம் கட்டத்தின் முதல் சுரத்துக்கு ஒரு சின்ன வளைகோடு, அந்தச் சுரத்தை மறுபடி அடிக்காதே, முன்பு அடித்ததையே நீளவிடு என்று அதற்கு அர்த்தம், அதாவது மூன்றாவது கட்டம் தொடங்கும் இடத்தில் வலது கை எதையும் அடிப்பதில்லை, அங்கே ஒன்றும் இல்லை என்று நான் பார்த்தது சரிதான், அந்த ஒன்றுமில்லாததுதான் அங்கே இருக்கிறது.

முப்பது வருஷம் கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவர் இவர், சபைக்கு வாசிக்கிறவருக்கு முதல் பாடம் காத்திருப்பது, பின்வரிசைக் கிழவிகள் ஒவ்வொரு அடியின் கடைசி எழுத்தையும் விடமாட்டார்கள், இழுப்பார்கள், யாருக்காவது மூச்சு வாங்கும், சபை ஒரு இமைப்பொழுது மௌனமானால் இவர் விரலும் தூக்கியபடி நிற்கும், எல்லாரும் வந்து சேர்ந்த பிறகுதான் இறங்கும், நானோ பாடகர் வரிசைக்காரி, ஆர்மோனியம் இறங்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்பது எனக்குப் பாடம், மூன்றாம் கட்டத்தின் வாசலில் என் கை மௌனமாகிறது, இவளுக்கு மூச்சு வாங்குகிறது என்று இவர் நிற்கிறார், இவர் இறங்கட்டும் என்று நான் நிற்கிறேன், நாற்பத்து நாலு வருஷத்து மரியாதை பியானோவை நிறுத்திவிடுகிறது, ஒரே ஆள் இரண்டு கையாலும் வாசித்தபோது இந்தத் தொல்லை இல்லை, ஒரு உடம்புக்குள் இடது கை வலது கைக்கு மரியாதை பார்ப்பதில்லை. காரணம் தெரிந்துவிட்டது, எனக்குக் காது சூடாகிவிட்டது, அவரிடம் எல்லாவற்றையும் விளக்குகிறேன், காத்திராதீங்க, நான் வரலேன்னாலும் நீங்க போயிருங்க, என்கிறேன், போறேன், என்கிறார், தம் சக், தம் சக், போகவில்லை, நிற்கிறார், பழக்கம் புத்தியில் இல்லை, காதில் இருக்கிறது, சொல்லி மாற்ற முடியாது. கைப்பேசியில் தாளம் தட்டும் செயலியை வைத்துப் பார்க்கிறேன், டிக் டிக் என்ற சத்தத்தை அவர் பல்லி கத்துவதைக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு அதன்மேல் துண்டைப் போடுகிறார், நியாயம்தான், அவர் ஆயுசு முழுக்கப் பின்தொடர்ந்தது மனிதர்களை. நான் வாயால் ஒன்று இரண்டு என்று எண்ணிப் பார்க்கிறேன், அவர் வருகிறார், ஆனால் என் விரல்கள் என் வாயோடு ஒட்டிக்கொண்டு நாலு நாலாக விழுகின்றன, ஏ, பாமாலை ஆயிட்டே, என்கிறாள் கிருபை, அவரே சிரித்துவிடுகிறார், ஒரு பக்கத்து உதட்டால்.

சிரித்ததில் உடம்பு சரிகிறது, வலது கை பலகையிலிருந்து நழுவித் தொங்குகிறது, வழக்கமாக அதைத் தலையணைமேல் வைப்பேன், தலையணை கிருபையின் முதுகில், எழுந்துபோக மனமில்லாமல் அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்து என் இடது கையால் மூடிக்கொள்கிறேன், கனமாக இருக்கிறது, வெதுவெதுப்பாக இருக்கிறது, பலம்தான் போயிற்று அம்மா, தொட்டால் அவருக்குத் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், வாசிங்க, என்கிறேன், தம் சக், தம் சக், முதல் கட்டம், இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, கிருபையின் கீரை ஆய்கிற சத்தம் நின்றுவிட்டது, ஐந்தாவது, ஆறாவது, இன்ஸ்டிடியூட் சன்னல் திறந்திருக்கிறது, பூப்போட்ட கவுன்கள் சுற்றுகின்றன, எட்டாவது கட்டத்தில் நான் தப்பான கட்டையை அடித்து நிறுத்துகிறேன், தப்பு, ஆனால் காத்திருந்ததால் வந்த தப்பு இல்லை. என்ன செஞ்சிய மைனி, என்கிறாள் கிருபை, தெரியலயே, என்கிறேன், அப்புறம்தான் மடியைப் பார்க்கிறேன், என் இடது கை அவருடைய உள்ளங்கையில் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறது, ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு, நான் தட்டச் சொல்லவில்லை, அது எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பழகியது, அவளைத் தோளில் போட்டு இடது கையால் தட்டிக்கொண்டே வலது கையால் பரீட்சைத் தாள் திருத்துவேன், குழம்பு கிண்டுவேன், வலது கை என்ன கூத்து அடித்தாலும் தட்டுகிற கை தடுமாறியதில்லை, தடுமாறினால் பிள்ளை விழித்துக்கொள்ளும்.

ஒரு தடவை நடந்ததை நம்பக் கூடாது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன், தட்டாமல் வாசித்துப் பார்க்கிறோம், மூன்றாவது கட்டத்தில் நிற்கிறது, தட்டிக்கொண்டு வாசிக்கிறோம், போகிறது, மறுபடியும் தட்டாமல், நிற்கிறது, தட்டினால் போகிறது, அவர் கண் மூடியிருக்கிறது, கண்ணோரம் ஈரம், நான் அதைப் பார்க்காததுபோல் தாளைப் பார்க்கிறேன், அப்ப அந்த வண்டிக்காரங்களுக்கு நான் என்னண்ணே சொல்லட்டும், என்று கேட்கிறாள் கிருபை, அவர் இடது கையைத் தூக்கிக் கீழ்ச்சுரத்தில் இறக்குகிறார், முதலிலிருந்து, அவள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறாள், மூன்றாவது கட்டம் வருகிறது, என் வலது கை காற்றில் சும்மா இருக்கிறது, இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது, அவருடைய இடது கை யாருக்காகவும் நிற்காமல் இறங்குகிறது.

வழி இதுதான்: அவருடைய வலது கையை என் மடியில் வைத்து, என் இடது கையால் அதில் சீராக ஒன்று, இரண்டு என்று தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவர் நான் வாசிப்பதைக் கேட்டு வாசிக்காமல் அந்தத் தட்டைத் தொடர்ந்து வாசிக்க வேண்டும், நான் அவருக்காக நிற்கக் கூடாது, அவர் எனக்காக நிற்கக் கூடாது.