ஹாப்ஹசார்ட் என்றார் வக்கீல்

மரண விசாரணையில் கட்டடக் கம்பெனியின் வக்கீல் அந்தச் சொல்லை மூன்று தடவை சொன்னார். ஹாப்ஹசார்ட். சாரம் கட்டிய விதம் ஹாப்ஹசார்ட், மேற்பார்வை ஹாப்ஹசார்ட், இறந்தவரின் வேலைப் பழக்கமும் கொஞ்சம் ஹாப்ஹசார்ட்தான் என்று. ஏனோதானோ என்ற அர்த்தத்தில்தான் சொன்னார். ஆனால் அவர் வாயில் அது மழை, பனி மாதிரி யாரும் பொறுப்பேற்க வேண்டியில்லாத சங்கதியாக ஒலித்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஐலீன் மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். இறந்தவர் அவள் கணவன் டெரி பாரக்ளோ. முப்பத்துநான்கு வயது.

கிராக்லி என்ற ஊரில் மூடிக் கிடந்த கம்பளி ஆலையைக் குடியிருப்பாக மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. பிப்ரவரி ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, நான்காவது மாடி உயரத்தில் சாரம் சுவரை விட்டு விலகிச் சாய்ந்தது. சுவரோடு பிணைத்திருக்க வேண்டிய இருபத்துநான்கு இடங்களில் ஏழில்தான் பிணைப்பு இருந்தது. அதிலிருந்து விழுந்த டெரி கொத்தனார். சாரம் கட்டியது அவன் இல்லை.

மே மாதம் மரண விசாரணை; சாவு எப்படி நேர்ந்தது என்று மட்டும் அது சொல்லும், யாரையும் தண்டிக்காது. ஊர்க்காரர்களில் ஒன்பது பேர் ஜூரி. தலைவராக ஹெப்வொர்த்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரில் பாதிப் பேருக்கு ஆங்கிலப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர் அவர். ஜூரியில் நோரீன் சட்க்ளிஃப் என்று ஒருத்தி இருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷமாக முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடுகிறவள். மூன்று நாளும் அவள் வாயே திறக்கவில்லை.

ஜூரி அறையில் டீ வந்தது. ஹெப்வொர்த் படிவத்தை விரித்து, சம்பவம் எப்படி நேர்ந்தது என்ற கட்டத்துக்கு மேலே பேனாவை வைத்துக்கொண்டார்.

"வக்கீல் சொன்ன வார்த்தை சரியாத்தான் இருக்கு. இல்ல, ஸ்லாப்டேஷ்னு போடலாமா? அது அவசரத்துல அள்ளித் தெளிச்ச மாதிரி. வில்லி-நில்லின்னா இஷ்டமோ இல்லையோன்னு ஆயிடும், சரிப்படாது. ஹிகில்டி-பிகில்டி குழந்தைப் பாட்டு மாதிரி, எழுதினா சிரிப்பாங்க. ஹாப்ஹசார்ட்ல ஒரு கௌரவம் இருக்கு. ஹாப்னா அதிர்ஷ்டம். ஹசார்ட் பழைய பகடை ஆட்டம். தற்செயலா விழறது."

"யாரு சார் பகடை உருட்டினது?" என்றாள் நோரீன்.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உருட்டினவன் கார்ல வீட்டுக்குப் போனான். விழுந்தது டெரி. இது என்ன ஆட்டம்?"

"நோரீன், அது வெறும் சொல்லோட வேர்..."

"என் சமையல்கட்டுல ஒருநாள் கோழி வேகாம போனா, அது ஏனோதானோ. நான் ஒத்துக்குவேன். இருபத்துநாலுல பதினேழை விட்டிருக்கான் சார். தினமும் கண்ணு முன்னாடி நிக்குற சாரம். அதுக்கு நீங்க அழகா வார்த்தை பொறுக்குறீங்க."

பஸ் ஓட்டுகிற ரெஜ், "கத்தாதம்மா, தல வலிக்குது" என்றார்.

"நான் இன்னும் கத்தவே ஆரம்பிக்கல" என்று சொல்லிவிட்டு, மேசை மேல் கிடந்த பதிவேட்டை அவள் இழுத்தாள். சாரத்தை வாரம் ஒருமுறை சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். கட்டுமானத் தளத்து மேலாளர் கென் வைட்லி எழுதிய பதிவேடு அது. டெரி விழுந்த அன்று சாயங்காலமே போலீஸ் எடுத்து வைத்தது. கோர்ட்டில் எல்லோருக்கும் ஒரு பக்கத்தின் நகலைத்தான் கொடுத்திருந்தார்கள். அசலை யாரும் புரட்டியதாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கும் ஒரே வரி. *சாரம் நல்ல நிலையில் உள்ளது. கே. வைட்லி.* நோரீன் விரல் வைத்துக் கீழே இறங்கினாள்.

"டிசம்பர் இருபத்தஞ்சு. கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஏணில ஏறிப் பாத்தானாம்."

ரெஜ் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். நோரீன் பக்கத்தைத் திருப்பினாள். பிறகு பதிவேட்டை ஹெப்வொர்த் பக்கம் தள்ளினாள்.

பிப்ரவரி பன்னிரண்டு. பத்தொன்பது. இருபத்தாறு. மார்ச்சிலும் நான்கு வெள்ளி. எல்லாம் நல்ல நிலை. எல்லாவற்றிலும் வைட்லியின் கையெழுத்து. ஒன்பதாம் தேதி போலீஸ் கையில் போன பதிவேட்டில், இன்னும் வராத ஏழு வாரத்துச் சோதனையும் முடிந்திருந்தது.

"ஒக்காந்து எழுதியிருக்கான்" என்றாள் நோரீன். "காலண்டரைப் பக்கத்துல வெச்சிக்கிட்டு, ஒரு வெள்ளிகூடத் தப்பாம. இதுவா சார் தற்செயல்? அந்தப் பிணைப்புல இந்தக் கவனத்துல பாதி காட்டியிருந்தா டெரி இன்னிக்கு உசுரோட இருப்பான்."

ஹெப்வொர்த் கண்ணாடியைக் கழற்றினார். படிவத்தில் ஹாப் என்று தொடங்கி வைத்திருந்ததைக் குறுக்காக அடித்தார். "நீயே சொல்லு, நான் எழுதுறேன்."

முதலில் வைட்லியை மறுபடி கூப்பிடச் சொல்லிக் கேட்டார்கள். விசாரணை அதிகாரி பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். தன்மேல் குற்றம் வரக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று வைட்லிக்கு எடுத்துச் சொன்னார்.

நோரீன் எழுந்து ஒரே கேள்வி கேட்டாள். "மார்ச் இருபத்தஞ்சாம் தேதி சாரம் நல்லா இருக்கும்னு பிப்ரவரியிலேயே உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வைட்லி தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கூரையைப் பார்த்தார்.

"பதில் சொல்ல விரும்பல" என்றார் வைட்லி.

"டெரிக்கு அந்த வசதி இல்ல" என்றாள் நோரீன். அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள்.

அவர்கள் எழுதிக் கொடுத்ததில் பண்புச்சொல் ஒன்றுகூட இல்லை. இத்தனை பிணைப்பு வேண்டும், இத்தனைதான் இருந்தது, இந்தத் தேதிகளில் சோதிக்காமலே சோதித்ததாக எழுதப்பட்டது, சாவுக்குப் பிந்தைய தேதிகளும் முன்கூட்டியே எழுதப்பட்டன. முடிவு: சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார். ஏழு பேர் ஆம், இரண்டு பேர் இல்லை. ஹெப்வொர்த் வாசிக்கும்போது ஐலீன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

அக்டோபரில் ஐலீன் பள்ளிக்கூடச் சமையலறையின் பின்கதவுக்கு வந்தாள். கையில் அரசு வழக்குத் துறைக் கடிதம். பொய்ப் பதிவேட்டுக்காக வைட்லி மேல் சின்ன வழக்கு உண்டு, சாவுக்காக வழக்குப் போடப் போதுமான ஆதாரம் இல்லை. நோரீன் நின்றபடியே படித்தாள். கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் வீசினாள். உள்ளே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னும் என்ன ஆதாரம் வேணும் இவனுங்களுக்கு?"

"ஒரு வக்கீலைப் பாத்தேன். இந்த முடிவை எதிர்த்து மேல போகலாங்கிறாரு. வருஷக்கணக்கா ஆகுமாம்" என்றாள் ஐலீன்.

"போவியா?"

"போவேன். தனியாத்தான் பயமா இருக்கு."

நோரீன் ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். "எப்போ அடுத்து அவரைப் பாக்கணும்?"

"வியாழக்கிழமை. காலைல பத்து மணி."

"வியாழக்கிழமை மீன் போடற நாள்" என்றாள் நோரீன். "வேற யாராவது பொரிக்கட்டும். நான் வரேன்."