நெடும்பாறைக் கொட்டாய்க்கு எப்போது?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் போய், பதில் முடிந்த பிறகும் நிற்காமல் ஓடியது.

அரூரில் நான் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறேன். அங்கே வரும் மாணவி ஒருத்தி முதன்முதலாக வெப் சர்வருக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினாள். ஒரு ஃபைலைத் திறந்து அதில் இருப்பதைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அவள் ஓட்டினால் ஓடுகிறது. சர்வர் ஓட்டினால் ஃபைலைத் திறக்க அனுமதி இல்லை என்கிறது. "ஃபைல் அங்கதானே சார் இருக்குது? என் கண்ணுக்குத் தெரியுது, அதுக்குத் தெரியலியா?" என்று கேட்டாள். அழாத குறை.

இரண்டு வரியில் சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "1989-ல் தருமபுரியில் புஷ்பமேரி என்று ஒருத்தி இருந்தாள்" என்று ஆரம்பித்துவிட்டேன். அப்படி ஒருத்தி இல்லை. அந்த வருஷம் வெப் சர்வரும் இல்லை. இல்லாத சங்கதிக்கு இல்லாத ஆளைச் சாட்சி வைத்தால் யார் வந்து குறுக்கு விசாரணை செய்யப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

2

தொடக்கம் சுலபமாக அமையவில்லை. கிழித்துப் போட்டவற்றையும் காட்டிவிடுகிறேன்.

'கோடை வெயில் தருமபுரியின் மேல்...' (வேண்டாம். தருமபுரியில் வெயில் அடிக்கிறது என்று சொல்ல ஒரு எழுத்தாளன் வேண்டுமா?)

'சின்ன வயதிலிருந்தே புஷ்பமேரிக்கு இயந்திரங்கள் என்றால் கொள்ளை...' (பொய். அவள் டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு வேலை தேடியவள். கிடைத்தது கம்ப்யூட்டர் வேலை. தையல் வேலை கிடைத்திருந்தால் தைத்திருப்பாள்.)

சரி, நேராகவே சொல்கிறேன். தருமபுரியில் ஒரு சேவா சங்கம். அவர்களிடம் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி ஒன்று இருந்தது. தண்ணீர் இல்லாத நாற்பத்தொரு ஊர்களை வரிசைப்படுத்தி, அந்த வரிசைப்படி வண்டியை அனுப்புவார்கள். வெளிநாட்டுக்காரர் யாரோ அவர்களுக்கு ஒரு கம்ப்யூட்டரைத் தானம் கொடுத்தார். பெட்டி ஒன்று, திரை இரண்டு. ஒரு திரை உள்ளே புஷ்பமேரிக்கு. இன்னொன்று வெளியே முன்கூடத்தில், ஊர் ஜனங்களுக்கு.

வெளித்திரை எதற்கு? அதுவரை "எங்க ஊருக்கு வண்டி எப்ப வரும்?" என்று கேட்டு வருகிறவர்களுக்குக் குமாஸ்தா குப்புராஜ்தான் பதில் சொல்லுவார். எல்லாருக்கும் ஒரே பதில்: "அடுத்த வாரம் வாங்க." இனிமேல் அவர் வாயை யாரும் பார்க்க வேண்டியதில்லை. சுவரில் ஒட்டிய அட்டையில் தங்கள் ஊரின் எண்ணைப் பார்த்து அழுத்தினால், வண்டி எத்தனையாவதாக வரும் என்று திரையே சொல்லும். அதற்கான புரோகிராமை எழுதியவள் புஷ்பமேரி. அவள் எழுதிய முதல் புரோகிராம்.

3

திங்கட்கிழமை திறப்பு. முதலில் வந்து உட்கார்ந்தவள் தீர்த்தம்மாள். நெடும்பாறைக் கொட்டாய்க்காரி, நாற்பது வயது இருக்கும். மாசி மாதத்திலிருந்து வாரம் தவறாமல் வருகிறவள். எழுத்து தெரியாது, எண்கள் நன்றாகத் தெரியும். ஒற்றை விரலால் அழுத்தினாள்.

ஃபைலைத் திறக்க அனுமதி இல்லை.

புஷ்பமேரிக்குக் காது சூடேறியது. "கொஞ்சம் எந்திரிங்கக்கா" என்று தானே உட்கார்ந்து, தன் பெயரைக் கொடுத்து நுழைந்து அழுத்தினாள். எண் வந்தது. சட்டென்று திரையிலிருந்து அதை அழித்தாள். தீர்த்தம்மாளை உட்காரவைத்து, வருகிறவர்களுக்கென்று வைத்திருந்த பொதுப் பெயரில் மறுபடி நுழையவிட்டாள். அனுமதி இல்லை.

"இதென்ன கூத்து பாப்பா? நீ ஒக்காந்தா பேசுது, நான் ஒக்காந்தா ஊமையாவுது."

குப்புராஜ் தன் மேசையிலிருந்து சிரித்தார். "மிசினுக்கும் ஆள் தெரியுது போல."

"அக்கா, நான் வேணா பாத்துச் சொல்லிடறேனே."

"நீ சொல்ல வேணாம் கண்ணு. இவுரும்தான் வாராவாரம் சொல்றாரு. நானா என் கண்ணால பாக்கோணும்."

(இந்த இடத்தில் தீர்த்தம்மாள் ஏதாவது தத்துவம் சொல்லி, படித்தவளுக்குப் புத்தி வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள். ஒன்றும் சொல்ல மாட்டாள். அவளுக்கு அரூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.)

4

புஷ்பமேரி ஏன் எண்ணை அழித்தாள் என்று உங்களிடம் மறைக்க மாட்டேன். நாற்பத்தொன்று. நெடும்பாறைக் கொட்டாய்தான் கடைசி. மழைக்குள் இருபது ஊர் முடிந்தாலே பெரிது. கடைசி என்றால் அடுத்த வருஷம்.

ஆக, இப்போது நிலைமை இது. வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனி ஆள் வருகிறான். அதற்குள் வெளித்திரை ஓடாவிட்டால் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடச் சொல்லிவிட்டார் சங்கத்தை நடத்தும் பாதிரியார். கேள்வி மறுபடியும் குப்புராஜ் வாய்க்கே போய்விடும். ஓடினாலோ, தீர்த்தம்மாள் தன் கண்ணால் பார்க்கப் போவது அந்த எண்ணை. புஷ்பமேரி எதைச் சரிசெய்ய உட்கார்ந்தாளோ, அது சரியாவதை நினைத்தே பயந்தாள்.

5

பாவம், தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள்.

ஃபைல் இருக்கிறதா? இருக்கிறது. பெயரில் எழுத்துப் பிழையா? இல்லை. ஒருவேளை புரோகிராம் வேறெங்கோ தேடுகிறதோ என்று, ஃபைலின் பெயரை மட்டும் எழுதியிருந்த இடத்தில் தொடக்கத்திலிருந்து முழு முகவரியையும் எழுதினாள். அதே பதில்.

பிறகு ஃபைலின் அனுமதிகளைப் பார்த்தாள். அந்த வகைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃபைலுக்கும் யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று தனித்தனியாக அனுமதி உண்டு. உடையவளுக்கு மட்டும் என்று இருந்தது. "அட, இதுதானா!" என்று சந்தோஷத்தில் எல்லாரும் படிக்கலாம், எல்லாரும் எழுதலாம் என்று ஒரேயடியாகத் திறந்துவிட்டாள்.

படிக்க மட்டும் விட்டிருந்தால் போதும். ஆனால் கோளாறு பிடித்து ஆட்டும்போது யாருக்கு அளவு தெரிகிறது? என் மாணவியும் இதைத்தான் செய்திருந்தாள். நானும் செய்திருக்கிறேன். இந்த வரியை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வெளியே போய் அழுத்தினாள். அனுமதி இல்லை.

எல்லாருக்கும் திறந்த ஃபைல், அவளைத் தவிர யாருக்கும் திறக்கவில்லை. "சேசுவே, இதுக்கு மேல நான் எதத் தொறக்கறது?" என்று திரையைப் பார்த்தே கேட்டாள்.

குப்புராஜ் எழுந்து வந்தார். "ஏம்மா இத இந்தப் பாடு படுத்தற? அந்தம்மா நம்பரு எனக்கும் தெரியும். தொறந்து காட்டி என்ன பண்ணப் போற? அடுத்த வாரம்னா, ஒரு வாரத்துக்கு நிம்மதியாப் போவாங்க."

6

குப்புராஜை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் பிரதியில் அவரை வில்லனாக்கினேன். வெற்றிலைக் காவி, மூலையில் எச்சில், எல்லாம் கொடுத்தேன். எழுத எழுத எனக்கே சலித்துவிட்டது. இரண்டாம் பிரதியில் நல்லவர்: கெட்ட செய்தியைச் சொல்ல மனசு வராமல் 'அடுத்த வாரம்' என்கிறவர். அதையும் நான் முழுசாக நம்பவில்லை. தன் வாயைப் பார்த்துப் பத்துப் பேர் நிற்பது ஒரு ருசி. அந்த ருசிக்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வது மனுஷனுக்குக் கை வந்த கலை. இரண்டும் கலந்த குப்புராஜே இருக்கட்டும்.

7

புதன்கிழமை புஷ்பமேரி மாரண்டஹள்ளிப் பக்கம் தன் வீட்டுக்குப் போனாள். அப்பா அருள்சாமி தக்காளிக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, கால் முழுக்கச் சேறாக, வெகுநேரம் கழித்து வந்தார்.

"ஏம்ப்பா இவ்ளோ நேரம்?"

"ஏரியச் சுத்திப் போயி வரேன். உங்க செபாஸ்டின் சித்தப்பன் தடத்துல முள்ளு வெட்டிப் போட்டுட்டான்."

"கெணத்துல நமக்குப் பங்கு இருக்குதில்ல?"

"பங்கு இருக்குது, யாரு இல்லேன்னா? கெணத்துக்குப் போற தடம் அவன் காட்டுல ஓடுது. அவன் காட்டுல ஒரு செடியத் தொட வேணாம், என்ன வெள்ளாமைன்னு ஏறெடுத்துப் பாக்கக்கூட வேணாம். நடந்து போக வுட்டாப் போதும்னுதான் கேக்கறேன்."

களியை வாயில் வைத்தவளுக்குச் சட்டென்று தன் ஃபைல் நினைவுக்கு வந்தது.

(இது ரொம்பக் கச்சிதமாக இருக்கிறது என்று எனக்கும் உறுத்துகிறது. தடத் தகராறு இல்லாத பங்காளிகளை இந்தப் பக்கம் நான் பார்த்ததில்லை, அதனால் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் பார்த்திருந்தால் இந்தப் பகுதியை அடித்துவிடுங்கள்.)

ஃபைல் தனியாகக் கிடப்பதில்லை. அது ஒரு டைரக்டரிக்குள் இருக்கிறது. இன்றைய பிள்ளைகளுக்கு ஃபோல்டர் என்றால் புரியும். அவள் ஃபைல் இருந்தது அவளுடைய சொந்த டைரக்டரியில். முதல் நாளே, பத்திரமாக இருக்கட்டும் என்று வேறு யாரும் நுழைய முடியாதபடி அதை மூடி வைத்தவள் அவள்தான். கிணற்றில் எல்லாருக்கும் பங்கு கொடுத்துவிட்டு, தடத்தில் முள்ளைப் போட்டிருக்கிறாள்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்தாள். டைரக்டரியில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கவும் எழுதவும் அனுமதி தராமல், கடந்து போக மட்டும் அனுமதி கொடுத்தாள். ஒரே ஒரு வரி. வெளியே போய்ப் பொதுப் பெயரில் நுழைந்து அழுத்தினாள். எண் வந்தது. அங்கேயே நின்று கைதட்டினாள், பைத்தியம் மாதிரி.

என் மாணவியின் ஸ்கிரிப்ட்டும் இந்த இடத்தில் ஓடிவிட்டது. நன்றி சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள். எடுத்தவள் திரும்பி உட்கார்ந்து, "அந்தம்மா பாத்தாங்களா சார்?" என்றாள்.

8

பார்த்தாள். வெள்ளிக்கிழமை, பெங்களூர் ஆள் வருவதற்கு முன்னாலேயே.

ஒற்றை விரலால் அழுத்தினாள். நாற்பத்தொன்று. அட்டையைப் பார்த்தாள், மொத்தம் எத்தனை ஊர் என்று கடைசி எண் வரை பார்த்தாள். குப்புராஜ் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

"கடைசியா பாப்பா?"

"ஆமாங்கக்கா."

"இந்த வருசம் வராது."

"வராதுங்கக்கா."

தீர்த்தம்மாள் அழவில்லை. குப்புராஜ் பக்கம் திரும்பினாள். "மாசிலேர்ந்து அடுத்த வாரம் அடுத்த வாரம்னீங்களே சாமி. கடைசின்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஊர்க் கெணத்தத் தூராவது எடுத்திருப்போமே. வண்டிதான் வருதேன்னு அத்தன பேரும் கையக் கட்டிட்டு ஒக்காந்துட்டோம்."

குப்புராஜ் தேடுவதை நிறுத்தினார். "நல்லதுன்னு நெனச்சுதாம்மா..." என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. நானும் எழுதிப் பார்த்தேன், எனக்கும் வரவில்லை.

"சரி, அத வுடுங்க. இந்த நம்பர மாத்தறது யாரு?" என்று கேட்டாள் தீர்த்தம்மாள்.

புஷ்பமேரிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மறந்துவிடாதீர்கள் என்றேனே, அந்த வரி. ஃபைல் இன்னமும் எல்லாரும் எழுதும்படியே இருக்கிறது. தடத்தையும் திறந்துவிட்டாள். இந்த நிமிஷம் யார் வேண்டுமானாலும் அந்த எண்ணை மாற்றலாம். மாற்றியது யார் என்று அந்தப் பெட்டி குறித்து வைக்காது.

9

ஒரு முடிவு: புஷ்பமேரி நாற்பத்தொன்றை அடித்து மூன்று என்று எழுதுகிறாள். இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. மாணவிக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப மூணாவதா இருந்த ஊரு எங்க போச்சு சார்?" என்று கேட்டாள். அதோடு அந்தத் தாள் போயிற்று.

இன்னொரு முடிவு: எழுதும் அனுமதியை மூடிவிட்டு, "கமிட்டிதான் மாத்தணுங்கக்கா, மனு குடுங்க" என்கிறாள். சரியான பதில்தான். தப்பே சொல்ல முடியாது. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது: மதியச் சாப்பாட்டு வேளையில் குப்புராஜ் தனியாக வெளித்திரை முன் வந்து உட்கார்ந்து... (இதை முடிக்கவில்லை. அந்த மனுஷன் எந்த விசையை அழுத்துவார் என்று எனக்கே தெரியாது.)

இந்தக் கதையை நான் அந்த ஃபைலைப் போலவே திறந்து வைத்துவிட்டுப் போகிறேன். எல்லாரும் படிக்கலாம், எல்லாரும் எழுதலாம். மூன்றாவது ஊரின் பெயரை நான் சொல்லவில்லை, வேண்டுமென்றேதான். அங்கேயும் ஒரு தீர்த்தம்மாள் இருப்பாள் என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளித்திரை முன்னால் நாற்காலி காலியாக இருக்கிறது. நீங்கள் உட்காரலாம். தீர்த்தம்மாள் எழுந்து போய்விட்டாள். ஊருக்குப் போய் ஆள் சேர்த்து, நாளைக் காலையில் கிணற்றில் இறங்க வேண்டும். நாம் என்ன எழுதப் போகிறோம் என்று பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை. இதுவரை காத்திருந்ததே போதும் என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறிவிட்டாள்.